காற்றுக்கு இட்ட பெயர்

புறநானூற்றின் 66ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் சற்று நின்று செல்வது நம் வழக்கம். கரிகாலனின் முன்னோன் ஒருவனை, காற்றின் செயலைத் தன் வயப்படுத்திக் கடலில் கலம் செலுத்தியவன் என்று வெண்ணிக்குயத்தியார் அதில் போற்றுகிறார். காற்றின்றி நாவாய் ஓடாதபோது காற்றுக் கடவுளையே அழைத்து ஏவல்கொண்டவன் என்பது பழைய உரையின் விளக்கம். இக்கால நூலாசிரியர் பலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, பருவக்காற்றின் இயல்பைத் தமிழர் கிரேக்கருக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு இதனைச் சான்றாக்குவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் எழுந்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள மீனவ ஊர் ஒன்றிலிருந்து வந்தவன். "ஐயா, ஆடிக்காத்துல எங்க ஊர்ல வள்ளமே இறக்க மாட்டாங்க. அந்தக் காத்தை எப்படி ஆள முடியும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை; பதிலும் வரவில்லை. பாடல் எந்தக் காற்றைச் சொல்கிறது என்பதற்கே அதில் குறிப்பில்லை. சோழரின் கடலோ கிழக்குக் கடல். ஆனால் பருவக்காற்று என்று நாம் வாய்நிறையச் சொல்லும்போது கண்முன் நிற்பது அரபிக்கடலின் தென்மேற்குக் காற்று. அந்தக் காற்று எழுப்பும் கடலை நாம் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது. அதன்பின் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பள்ளிப் பாடநூல்களின்படி பருவக்காற்றைக் 'கண்டுபிடித்தவர்' ஹிப்பாலஸ் என்னும் கிரேக்க மாலுமி. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூல், துறைமுகங்களின் இருப்பையும் கடலின் தன்மையையும் ஆராய்ந்து, கரையோரம் ஒட்டிச் செல்லாமல் நடுக்கடலைக் கடந்து இந்தியாவுக்கு வரும் வழியை முதலில் கண்டவர் ஹிப்பாலஸ் என்கிறது. காற்றைக் கண்டதாக அன்று, வழியைக் கண்டதாகவே அந்நூல் சொல்கிறது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அந்தத் தென்மேற்குக் காற்றுக்கே அவர் பெயர் வழங்கியது. ஆனால் அவருக்குச் சிறிது முன்பின்னாக எழுதிய பிளினி, இச்சொல்லை ஒரு காற்றின் பெயராக மட்டுமே குறிப்பிடுகிறார். மனிதர் எவரையும் குறிப்பிடவில்லை. ஆகவே முதலில் இருந்தது காற்றின் பெயரே என்றும், பெயருக்கு ஓர் ஆளைப் பின்னால் கற்பித்துக்கொண்டனர் என்றும் சில அறிஞர் கருதுகின்றனர். நம்மூரில் ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஹிப்பாலஸைவிட நம்மை ஈர்த்தவர் வேறொருவர். பொசிடோனியஸ் சொன்னதாக ஸ்டிராபோ எழுதிவைத்த கதை அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், எட்டாம் தாலமி எகிப்தை ஆண்ட காலத்தில், செங்கடல் காவலர்கள் ஒரு மனிதனை அரசனிடம் கொண்டுவந்தனர். கலத்தில் தனியாக, குற்றுயிராகக் கிடந்தவன். அவன் பேசிய மொழி எவருக்கும் புரியவில்லை. அரசன் அவனுக்குக் கிரேக்கம் கற்பிக்க ஏற்பாடு செய்தான். மொழி வந்ததும் அவன், தான் இந்தியாவிலிருந்து வருவதாகவும் வழி தவறியதாகவும் உடன்வந்தவர் அனைவரும் பட்டினியால் மாண்டதாகவும் சொன்னான். இந்தியாவுக்கு வழிகாட்டவும் ஒப்புக்கொண்டான். அவ்வாறு சென்ற குழுவில் இருந்தவர் யூடாக்ஸஸ். நறுமணப் பொருள்களும் மணிகளும் ஏற்றிக்கொண்டு அவர் திரும்பினார். அரசன் அவற்றைப் பிடுங்கிக்கொண்டான். யூடாக்ஸஸின் பெயர் நிலைத்தது, அவர் பிறந்த சைசிகஸ் நகரின் பெயரும் நிலைத்தது. வழிகாட்டியின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. ஸ்டிராபோ இந்தக் கதையையே நம்பாமல் கேலி செய்கிறார். தனியொருவன் எப்படிப் பிழைத்தான், தனியாக எப்படிக் கலம் ஓட்டினான் என்ற அவருடைய கேள்விகள் நியாயமானவையே. எனினும் கதையின் உள்ளீடு எளியது: கிரேக்கருக்கு அந்த வழி தெரிவதற்கு முன்னரே அது தெரிந்த இந்தியர் இருந்தனர். இதைப் புனைந்துரைக்க ஒரு கிரேக்கருக்கு என்ன தேவை இருந்திருக்கும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம்.

காற்று கடலின்மேல் அலையை எழுப்புவதற்கு மூன்று வேண்டும்: வேகம், நேரம், தடையில்லாத நீர்ப்பரப்பின் நீளம். குளத்தில் புயலே அடித்தாலும் சிற்றலைதான். காற்று ஓடிவர இடமில்லை. ஆடியில் அரபிக்கடலுக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்க்கின்றன. சோமாலியக் கரையிலிருந்து மலபார்க் கரை வரை ஏறத்தாழ 2,500 கி.மீ. திறந்த கடல். அதன் நடுவில் நொடிக்கு 15 மீட்டர் அளவுக்குக் காற்று, ஒருநாள் இருநாள் அன்று, ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை ஒரே திசையில் அடிக்கிறது. காற்று நீரை இழுக்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. காற்று இருமடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். ஜூலையில் நடு அரபிக்கடலின் அலை உயரம் சாதாரணமாகவே மூன்று நான்கு மீட்டர். இந்தக் கணக்கும் எல்லா அலைகளிலும் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. இடையில் தனித்து எழும் ஓர் அலை அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கும் எழலாம். காற்று ஓய்ந்த பிறகும் அவ்வலைகள் உடனே அடங்குவதில்லை. நீண்டு உருண்டு, காற்றே இல்லாத கரைக்கும் போய் மோதுகின்றன.

ஆகவே ஆடிக்காற்றில் பாய்விரிப்பது திறமை பற்றியது மட்டுமன்று. கலத்தின் உடலைப் பற்றியது. இந்தியரும் அரபியரும் பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்துக் கலம் கட்டினர். நம் சோழமண்டலக் கரையில் கரையலையைத் தாண்டிச் சென்ற மசூலாப் படகு இவ்வகைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. தையல் நெகிழ்வது, கரையில் மோதினாலும் பிளக்காது. ஆனால் வாரக்கணக்கில் நாற்புறமும் முறுக்கும் நடுக்கடல் அலைக்கு அதே நெகிழ்ச்சி ஆபத்து. எகிப்திலிருந்து வந்த கலங்களோ பலகைக்குள் பலகை செருகி இறுக்கப்பட்ட பெருங்கலங்கள். கடல்வரலாற்று அறிஞர் லயனல் காசன் இந்த வேறுபாட்டையே முன்னிறுத்துகிறார். பெரிப்ளூஸ் ஆசிரியர், ஜூலையில் புறப்படும் இப்பயணம் கடினமானதெனினும் காற்று முற்றும் துணைநிற்பது என்று எழுதும்போது அக்கடினத்தை அறிந்தே எழுதுகிறார். பிளினியும் ஒரு கணக்குத் தருகிறார். நடுக்கோடையில் எகிப்திலிருந்து கிளம்பி, முப்பது நாளளவில் செங்கடல் வாயிலை அடைந்து, அங்கிருந்து 40 நாளில் முசிறிக்கு வரலாம். அதாவது மலபார்க் கரையை எட்டும்போது காற்றின் சீற்றம் தணியத் தொடங்கியிருக்கும். திரும்புவது டிசம்பர், ஜனவரியில், வாடை வீசும்போது. முசிறியிலும் பெருங்கலங்கள் கரைக்கு வருவதில்லை. தொலைவில் நிற்க, சரக்கைச் சிறுபடகுகளில் ஏற்றியிறக்க வேண்டும் என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். பொன்னோடு வந்து மிளகோடு சென்ற யவனக் கலங்களை அகநானூற்றின் 149ஆம் பாடலில் படிக்கும் நாம், அந்தக் கலங்களுக்கு முன்பு நின்ற அலையை மறந்துவிடுகிறோம்.

காற்றை ஆள்வதென்பது அதன் உச்சத்தில் பாய்விரிப்பதன்று, அதன் இரு ஓரங்களைப் பயன்கொள்வது என்ற அறிவை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அரபு மாலுமி இப்னு மாஜித். தென்மேற்குக் காற்று சீற்றம் கொள்வதற்கு முன் ஒரு பயணக் காலம். அது தளர்ந்தபின் இன்னொரு காலம். இடையில் கடல் 'பூட்டப்பட்டிருக்கும்'. இத்தகைய பயணக் காலத்தைச் சுட்டும் 'மௌஸிம்' என்னும் அரபுச் சொல்தான் மான்சூன் ஆயிற்று. மான்சூன் என்றதும் நமக்கு மழை நினைவுக்கு வருகிறது. அச்சொல்லைத் தந்தவர்களுக்கோ நினைவுக்கு வந்தது, கலம் ஏறும் நாள்.

இந்த அறிவு இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மனிதரின் இரு பயணங்களில் காணலாம். வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் 24 அன்று ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து புறப்பட்டு 23 நாள் கடலோடி இந்தியக் கரையைக் கண்டார். மலிந்தி அரசன் தந்த வழிகாட்டி உடனிருந்தான். காற்று சீறுவதற்கு முந்திய காலம். திரும்பும்போது காலம் பார்க்கவில்லை. அஞ்சதீவிலிருந்து அக்டோபர் 5 அன்று கிளம்பினார். வாடை இன்னும் நிலைகொள்ளவில்லை. காற்றில்லாமலும் எதிர்க்காற்றிலும் கப்பல்கள் கிடந்து அலைந்தன. ஆப்பிரிக்கக் கரை தென்பட்டது 1499 ஜனவரி 2 அன்று. அதே கடலைக் கடக்க மூன்று மாதம். ஈறு வீங்கி அழுகும் ஸ்கர்வி நோயில் அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் இறந்தனர்.

அந்த வழிகாட்டி யார்? இப்னு மாஜித்தே என்று பல நூல்கள் சொல்லும். ஆராய்ந்தோர் பலர் அதை ஏற்பதில்லை. போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவனைக் குஜராத்தி முஸ்லிம் என்றும் 'மாலெமோ கானா' என்றும் எழுதுகிறார். இதுவும் பெயரன்று. மாலெமோ என்பது மாலுமித் தலைவனைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல். கானா என்பது கணக்கும் சோதிடமும் வல்லவனைக் குறிக்கும் 'கணக' என்ற சொல்லின் திரிபு என்பர். நம் கணியனுக்கு உறவான சொல். 'கணியரான மாலுமியார்' என்று தொழிலை மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிட்டனர். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தாலமியின் அவையில் நின்ற மாலுமியின் நிலைதான்.

பின்னர் எட்மண்ட் ஹாலி 1686இல் பருவக்காற்றுகளை உலகப் படத்தில் வரைந்து, நிலமும் கடலும் வேறுவேறாக வெப்பமடைவதே காரணம் என்றார். இது எல்லோரும் அறிந்தது, கடந்து செல்வோம். அரபிக்கடல் தன் உள்ளடக்கத்தைக் காட்டத் தொடங்கியது 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போதுதான். பல நாட்டு ஆய்வுக்கப்பல்கள் ஒரு கடலை நோக்கி வந்தது அதுவரை காணாதது. பம்பாய் கொலாபாவில் பன்னாட்டு வானிலை மையம் ஒன்று இயங்கியது. பயணம் முடிந்த கையோடு, 1966இல், கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது.

காற்றைப் பற்றிய செய்தி முதலில். தென்மேற்குக் காற்று கடல்மட்டத்தில் அகலப் பரவி வீசுவதாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். உண்மையில் அதன் வலிமை ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்தில் ஓர் ஆறுபோல் ஒடுங்கிப் பாய்கிறது. தென்கோளத்தில் புறப்பட்டு, கென்யா அருகே கிழக்காப்பிரிக்க மலைகளை ஒட்டி நிலநடுக்கோட்டைக் கடந்து, புவியின் சுழற்சியால் வலப்புறம் வளைந்து, சோமாலியாவைத் தொட்டு இந்தியா வருகிறது. ஆய்வுப் பயணத்தின்போது விமானத்திலிருந்து அமெரிக்கர் ஆண்ட்ரூ பங்கர் அதன் ஒரு பகுதியை அளந்தார். தீபகற்ப இந்தியாவின்மேல் ஜூலையில் தாழ்ந்த உயரத்தில் மேற்கிலிருந்து பாயும் கடுங்காற்றோடை ஒன்று உண்டு என்று 1966இல் இந்திய வானிலையாளர்களான பி.வி. ஜோசப்பும் பி.எல். ராமனும் எழுதினர். பிரிட்டிஷ் வானிலையாளர் ஃபிண்ட்லேட்டரின் கட்டுரை 1969இல் வந்தது. காற்றோடைக்கு நிலைத்த பெயர் ஃபிண்ட்லேட்டர்.

இங்கே நாம் அவசரப்பட்டு வழக்குத் தொடுக்க விரும்பவில்லை. ஆப்பிரிக்கா தொடங்கி இந்தியா வரை அதன் முழுப்பாதையையும் தொடுத்துக் காட்டியவர் ஃபிண்ட்லேட்டரே. அந்தப் பெருமை அவருக்குரியது. ஆனால் 1966ஆம் ஆண்டுக் கட்டுரையை நம் மாணவர்களின் பாடநூல் ஓர் அடிக்குறிப்பாகவேனும் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது, காற்றும் கடலும் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கல். அலை உடைந்து வெண்ணுரை எழும்போது காற்றுக் குமிழிகள் நீருக்குள் அமிழ்கின்றன. உப்புத் திவலைகள் காற்றில் ஏறுகின்றன. நீராவி புறப்படுகிறது, அதனுடன் வெப்பமும். நம் நாட்டு மழை இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது. மழைக்கான நீராவி எங்கிருந்து வருகிறது? இதை எண்களால் கேட்டவர் பி.ஆர். பிஷரோட்டி. கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்து, திருச்சியில் படித்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்து, பின் வானிலைத் துறைக்குச் சென்றவர். (வகுப்பறையிலிருந்து கடலுக்குப் போனவர் என்பதால் அவரிடம் நமக்குத் தனிப் பிரியம் உண்டு.) ஆய்வுப் பயணத் தரவுகளை வைத்து அவர் 1965இல் ஒரு வரவுசெலவு போட்டார்: நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் நீராவியைவிட இந்திய மேற்குக் கரையைத் தாண்டும் நீராவி மிகுதி, ஆகவே பெரும்பங்கு அரபிக்கடலிலிருந்தே எழுகிறது.

பிற்கால ஆய்வுகள் இதனை மறுத்தன. ஆப்பிரிக்கக் கரையோரம் பாயும் காற்றோடையின் முழு வலிமை அவர் கணக்கில் சேரவில்லை. 1975ஆம் ஆண்டுக் கோடையை ஆராய்ந்த காடேயும் ரெவர்டினும் 1981இல் கண்ட முடிவின்படி, மேற்குக் கரையைத் தாண்டும் நீராவியில் ஏறத்தாழ 70 விழுக்காடு தென்கோளத்திலிருந்து வருவது. 30 விழுக்காடே அரபிக்கடலின் பங்கு. பிஷரோட்டியின் விடை நிற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கொண்டுதான் பின்வந்தோர் அனைவரும் கணக்குப் போட்டனர்.

காற்று கடலுக்குச் செய்வது இன்னும் விந்தையானது. மே மாதத்தில் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் அரபிக்கடலின் மேல்நீர், உச்ச வெயில் காலமான ஜூன் ஜூலையில் குளிர்கிறது. சோமாலியக் கரையோரம் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடிநீர் மேலேறி, 20 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அங்குள்ள நீரோட்டம் காற்றோடு திசைமாறுவது. கோடையில் அது நொடிக்கு 3 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வடக்கே பாய்வதை 1964இல் அளந்தனர். இந்தக் குளிர்ச்சிக்கு, காற்று வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதே காரணம் என்று கருதத் தோன்றும். 1994 அக்டோபரிலிருந்து ஓராண்டு ஓமன் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிறுத்திய ஒரு மிதவை வேறு விடை தந்தது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கூட்டிக் கழித்துப் பார்த்தால், அவ்விடத்துக் கடல் மேலிருந்து வெப்பத்தைப் பெற்றுக்கொண்டே இருந்தது. வந்த காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்திருந்ததால் ஆவியாதல் எதிர்பார்த்த அளவு இல்லை. பெற்றும் குளிர்ந்ததற்குக் காரணம் கீழே இருந்தது: காற்றும் அலையும் மேல்நீரை ஆழத்துக் குளிர்நீரோடு கலக்கின, கரையோரத்துக் குளிர்நீரும் வந்து சேர்ந்தது. வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். வறண்ட காற்று கடலிடமிருந்து வெப்பத்தைப் பறித்துச் சென்றது.

மேலேறும் அடிநீர் உணவுச் சத்தைக் கொண்டுவருகிறது. கடலின் நுண்பாசி செழிக்கிறது, மீன் பெருகுகிறது. நெடுங்காலம் ஆழத்தில் தேங்கிய கரியமில வாயுவும் அதனுடனேயே மேலே வந்து காற்றில் கலக்கிறது. கலம் செல்ல முடியாத மாதங்களில் கடல் சும்மா இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் அந்த மாணவனை ஒருநாள் கல்லூரி வாயிலில் கண்டு, கடல் குளிரும் செய்தியைச் சற்றுப் பெருமிதத்தோடே சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டான். "ஆமா ஐயா. ஆடியில தண்ணி சில்லுனு இருக்கும். அப்பா கையை முக்கிப் பார்த்துட்டு, இன்னும் கொஞ்ச நாள்ல மீன் வரும்னு சொல்லுவாரு" என்றான். அப்பாவுக்கு யார் சொன்னது என்று கேட்டோம். தாத்தா என்றான்.

கோடை, கொண்டல், வாடை, தென்றல் என்று நம் இலக்கியம் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறது. ஈழக்கரையில் சோழகம் என்பர், கச்சான் என்பர். இவற்றுள் ஆள் பெயர் ஒன்றும் இல்லை. "உங்கள் ஊரில் அந்தக் காற்றுக்குத் தனிப்பெயர் உண்டா?" என்று கேட்டுவைத்தோம். அவன் சற்று யோசித்தான்.

"ஆடிக்காத்துதான் ஐயா."